மெர்சி சொல்லாமல் விட்டது

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவும் ஹெல்பராகச் சேர்ந்தபோது மெர்சிக்குப் பத்தொன்பது வயது. இப்போது நாற்பது, கட்டிங் பகுதிக்கு சூப்பர்வைசர். தோலில் எங்கே தழும்பு இருக்கிறதென்று விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அதட்டலுக்குப் பேர்போனவள். ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுத் தோலைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வேறு பக்கம் போய்விடுவாள்.

போன மாதம் அப்படிப் போக முடியவில்லை. முதலாளி நயீம் அகமது கூப்பிட்டுவிட்டார்.

"மிச்சத் தோலை இன்னா பண்றீங்கன்னு ஜெர்மன்காரன் கேக்கறான் மெர்சி. கொட்டறோம்னா அடுத்த சீசன் ஆர்டர் கிடையாதாம். கொட்டாதேன்னு ஊரே சொல்லியும் கேக்காதவன் நான். ஆர்டர் போய்டும்னா கேட்டுத்தானே ஆவணும்? துண்டுலேர்ந்து எதனா பண்ணத் தெரிஞ்ச ஆளு இருக்கா?"

இருந்தாள். பள்ளிகொண்டா தீபலட்சுமி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளை வேலையை விட்டு அனுப்பியவரே இவர்தான். அவருக்கு ஞாபகமில்லை.

அன்றைக்குத் துண்டுத் தோலை தீபா கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். "வண்டியேத்திக் கொட்டத்தானேக்கா போறீங்க? சில்லறை பர்ஸ் தைக்கிறேனே." மெர்சி சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கோடி" என்றாள். மறுவாரம் ஷிஃப்ட் விடும்போது கேட்டில் பை பார்த்தார்கள். தீபாவின் பையிலிருந்து கைகொள்ளாமல் தோல் வந்தது. "அக்காதான் எடுத்துக்கச் சொல்லுச்சு," என்றாள். முதலாளி மெர்சியைப் பார்த்தார். சூப்பர்வைசராகி இருபது நாள்கூட ஆகவில்லை. "எனக்குத் தெரியாது சார்" என்றுவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால் தீபா திருடியானாள்.

மெர்சி தேடிப் போனபோது தீபா பள்ளிகொண்டாவில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மெர்சியைப் பார்த்தும் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா, பை செக் பண்ண இவ்ளோ தூரம் வந்துட்டியா?"

மெர்சி நின்றுகொண்டே, தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"வெள்ளக்காரன் கேட்டா பிசினஸு, நான் கேட்டா திருட்டு. நல்லாருக்கு!"

"தப்பு என்னுதுதான்டி."

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அந்த கேட்டுல சொல்லு. வர்றேன்."

தேடிப் போனேன், வீடு மாற்றிவிட்டாளாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம். திரும்பி வந்த பஸ் ஆம்பூரைத் தொடும்வரை மெர்சி இந்தப் பொய்யைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதுவும் எவ்வளவு சுலபமாக வந்தது! அதை நினைத்தபோதுதான் தன்மேலேயே அருவருப்புத் தட்டியது.

மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் விட்டபோது மெர்சி கேட்டில் போய் நின்றாள். முதலாளியையும் தீபாவையும் வரச் சொல்லியிருந்தாள். தீபா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"தீபலட்சுமி திருடலை. எடுத்துக்கோன்னு சொன்னது நான். கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன்."

புதுப் பெண்கள் "யாருடி அது?" என்று கிசுகிசுத்தார்கள். பசைப் பகுதி அமிர்தவள்ளி மட்டும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்கு அன்னிக்கே தெரியும் மெர்சி. நீ எப்ப சொல்வேன்னுதான் பார்த்துட்டிருந்தோம்."

இத்தனை வருஷம் அதட்டியதையெல்லாம் இவர்கள் தெரிந்துவைத்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார்கள். மெர்சியால் தலை நிமிர முடியவில்லை.

தீபா ரோட்டைத் தாண்டி, அவளையும் தாண்டி, நேராக முதலாளியிடம் போனாள்.

"வர்றேன் சார். ஆளுங்களை நான்தான் எடுப்பேன். இவங்க கீழ வேலை செய்ய மாட்டேன்."

முதலாளி மெர்சியைப் பார்த்தார்.

"அவ கேக்கறது நியாயம்தான் சார்," என்றாள் மெர்சி.