வெயிலே படாத பெண்

“...நான் தெரியாமத்தான் கேக்கறேன், மீசையை எடுங்கன்னா மூஞ்சியையே கொளுத்திக்கினு வந்து குந்தியிருக்கா?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பூ வைக்க வந்திருந்தார்கள். மடுகரையில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைய அவர்கள் சனம். நடுவில் பாயில் என் தங்கை. மேலுதட்டிலும் தாடையிலும் கட்டம் கட்டமாகத் தீய்ந்த தழும்புகள். எவ்வளவு பவுடர் போட்டும் அடங்கவில்லை.

இதை ஆரம்பித்ததும் அதே வாய்தான். பெண் பார்த்த அன்று தங்கையின் மோவாயைத் தூக்கிப் பிடித்து, “எல்லாம் லட்சணம்தான், ஒதட்டு மேலதான் எம்புள்ளைக்குப் போட்டியா வளத்து வச்சிருக்கா. லேசர்லாம் வந்துடுச்சே, பூ வைக்கறதுக்குள்ள எடுத்துடுங்க” என்றாள். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று நாங்களும் ஒரு பொய் சொன்னோம். “எங்க பொண்ணு கழனிப் பக்கமே போவாது.” அதற்கு முதல் நாள் வரை என்னோடு குனிந்து நாற்று நட்டவள் அவள்.

வில்லியனூரில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போனேன். திரைக்குப் பின்னால் ஒரு மெஷின், ஒரு கட்டில். நடத்துகிறவள் கிருமாம்பாக்கத்துக்காரி; மாப்பிள்ளைக்கும் அதே ஊர். கையெழுத்து வாங்கும் படிவத்தைப் பார்த்து, “வெயில்ல வேலை செய்யறியாம்மா? கறுத்திருந்தா பவர் கொறைக்கணும்” என்றாள்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். இங்கே உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டு அடுப்படிக்குப் போய்விடுமே!

“வெயிலே படாத பொண்ணுங்க” என்று நானே முந்திக்கொண்டேன். கையெழுத்தும் போட்டேன்.

ரவிக்கைக் கை முடியும் இடத்தில் தங்கையின் தோல் இரண்டு நிறமாகப் பிரிந்து கிடந்தது. பார்லர்காரி அதைப் பார்க்கவில்லை. சின்ன இடத்தில் வைத்துச் சோதிக்கவும் இல்லை. கண்ணைக் காக்க இருந்த ஒரே கறுப்புக் கண்ணாடியை அவள் மாட்டிக்கொண்டாள். தங்கையின் கண்ணுக்கு மடித்த துண்டு.

மெஷினின் முதல் அடியிலேயே கருகல் வாசனை. “எரியுதுக்கா... வேணாங்க்கா...”

“பொறுடி, கல்யாணப் பொண்ணு” என்று அவள் காலை அமுக்கிப் பிடித்தது நான்தான்.

புதுச்சேரியில் தோல் டாக்டர், “டாக்டர் யாராவது பக்கத்துல இருந்தாங்களா?” என்றார். இல்லை என்றேன். தழும்பு முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பப் போய்க் கேட்டதற்கு, பார்லர்காரி என் கையெழுத்தை எடுத்து நீட்டினாள். உரிமம் கொடுக்கிற ஆபீசில், “கடைக்குத்தாம்மா லைசென்ஸ். உள்ள இன்னா மெஷின் ஓடுதுன்னு நாங்க இன்னாத்த கண்டோம்? எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தத் திரைக்குப் பின்னால் இன்னும் பெண்கள் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போது கூடத்தில் எல்லார் பார்வையும் அந்தத் தழும்புகள் மேல். தங்கைதான் தலையை நிமிர்த்தினாள்.

“நான் நாத்து நடறவ, அத்தே. வெயில்ல கறுத்த தோலு. அத மறைக்கப் போயித்தான் வெந்துடுச்சி. எடுக்கச் சொன்னது நீங்கதான்.”

அவர்கள் கொண்டுவந்த தட்டில் மல்லிகைப் பந்து இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அதை எடுத்தாள். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை கூட வந்தது. அவள் இலையைப் பிரித்து, இரண்டு முழம் நிதானமாகக் கிள்ளி, கூட வந்திருந்த தன் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து அவள் தலையில் வைத்துவிட்டாள்.