காயிலக்காவின் கை

பஸ் டிப்போவுக்குப் பின்னால், பழைய டயர்களும் துருப்பிடித்த கார் கதவுகளும் குவிந்து கிடக்கும் சந்தில், ஸ்டார்ட்டர் மோட்டார் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவளை எல்லோரும் காயிலக்கா என்பார்கள். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதில் வந்த பெயர். கணவன் செத்த பிறகு பட்டறையை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களை அவள் வாசலோடு அனுப்பிவிட்டாள். அவன் இருந்த காலத்திலேயே பாதி வேலை அவளுடையதுதான்.

மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு அது கையில் இருந்தது. மோட்டாருக்குள் வைக்கும் கார்பன் பிரஷ்ஷில் பழையதைத் தேய்த்துப் புதுசென்று விற்க வந்த தரகன் ஒருவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தாண்டி ஓடியிருக்கிறான். எதிர்க்கடை வெல்டர் அதையே சொல்லிச் சிரிப்பார்: "அக்கா கடையில வேலைக்கு வாரண்டி உண்டு. எதிர்த்துப் பேசினா மருந்துக்கட்டும் உண்டு."

அவளுக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு இவள்தான் வளர்த்தாள். அடித்துத்தான் வளர்த்தாள். சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டும் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பேச்சில் தேன் ஒழுகும் ஆள். "அண்ணி, அண்ணி" என்று காலைச் சுற்றி வருவான்.

அன்று காலை அவன் ஸ்டார்ட்டரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"சாவியத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான் அண்ணி. சுத்தவே மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க." சொல்லிக்கொண்டே பட்டறையின் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "உங்க தங்கச்சி இங்க வந்தாளா?"

"வேலை நேரத்துல அவ இங்க எதுக்கு வரா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. என்னவென்று கேட்டாள். போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கிவிட்டது என்றான். இந்தத் தொழிலில் யார் கைதான் முழுசாக இருக்கிறது? அவள் நம்பினாள். மோட்டாரின் மேல் ஓடு நிறையப் புதுக் குழிகள் விழுந்திருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏன் தம்பி, இது மோட்டாரா பாம்பா? இப்படியா அடிப்பாங்க?"

"தட்டினா சில சமயம் சுத்தும்ல அண்ணி."

"ஒரு தடவை சுத்தும். உள்ள காந்தம் விண்டு போச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் சுத்தாது."

மோட்டாரை மேசையோடு பதித்திருந்த இரும்பு வைஸில் இறுக்கி, நீளமான போல்ட்டுகளைக் கழற்றி, பின்மூடியைத் தட்டி எடுத்தாள். கரிப்பொடி மேசையில் கொட்டியது. கார்பன் பிரஷ்கள் அடி வரை தேய்ந்திருந்தன. அவற்றை அழுத்தவேண்டிய ஸ்பிரிங்குகளில் உயிரே இல்லை. காந்தம் நல்லவேளையாக உடையவில்லை. உள்ளே சுழல்கிற ஆர்மேச்சரை வெளியே உருவினாள். செம்பும் இரும்புமாக உள்ளங்கையை நிறைக்கிற கனம். பிரஷ் உட்காரும் செம்பு வளையம் தீய்ந்து கறுத்திருந்தது. தண்டு எங்காவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

தங்கைதான். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல்.

"அக்கா, ஆஸ்பத்திரில இருக்கேன். வயித்துல மிதிச்சிட்டாருக்கா. முன்பல்லு போயிடுச்சு. தெருவுல இறங்கி ஓடினேன். வண்டியில துரத்த வந்தாரு, வண்டி கிளம்பல. பானெட்டைத் தொறந்து ஸ்பேனரால அடிச்சிக்கிட்டே இருந்தாரு. அதுக்குள்ள தப்பிச்சிட்டேன்."

காயிலக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க சார்" என்றாள். "உங்க ஸ்டார்ட்டர் இன்னிக்கு ஆவாது. இங்க ஒருத்தரோடது பிரிச்சுப் போட்டிருக்கேன். அவரும் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீங்க இங்க வந்துடாதீங்க. இருக்கற இடத்துலயே இருங்க."

தங்கைக்குப் புரிந்துவிட்டது. "அங்கயா இருக்காரு?" என்றாள்.

"ஆமாங்க சார்."

போனை வைத்துவிட்டு எமரித் தாளை எடுத்துச் செம்பு வளையத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெல்டரைக் கூப்பிடலாம். ஆனால் எதிர்க்கடையில் கிரைண்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவர் கை ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"யாரு அண்ணி?"

"கஸ்டமர்."

"பொம்பளக் குரல் கேட்டுச்சு. சாருங்கறீங்க?"

அவள் பதில் யோசிப்பதற்குள் அவன் எழுந்து ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டான். அடுத்த நொடி அவள் கொண்டை அவன் கையில் இருந்தது. முகத்தை வைஸின் மேல் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"அவ எங்கடி இருக்கா? சொல்லு!"

மறுபடி மோதினான். ஆர்மேச்சர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கண் தெரியாமலே பின்பக்கம் வீசினாள். அவன் முழங்கையில் பட்டது. உள்ளே எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பிடி விட்டது. திரும்பி, தோள்பட்டையில் இறக்கினாள். அவன் சாக்கின் மேல் சரிந்தான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. தரையில் கிடந்தவனின் முட்டியில் அடித்தாள். விரல்களில் அடித்தாள். முதுகில் அடித்தாள். அவன் ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு, "அண்ணி, வேணாம் அண்ணி" என்று அலறினான். அலறல் கேட்டு வெல்டர் ஷட்டரைத் தூக்கி உள்ளே பாய்ந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"அக்கா, போதும்! செத்துடுவான்!"

"சாவட்டும்!"

போலீஸ் வந்தது. அவன் மேலும் அவள் மேலும் வழக்குப் போட்டார்கள். வெல்டர் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார், விழுந்தவனை அவள் விடாமல் அடித்ததையும் சேர்த்து. அதற்காக அவள் அவரோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவளைக் கோர்ட் எச்சரித்து விட்டுவிட்டது.

ஆனால் அதற்கு முன்பே வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. தங்கை அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அவன் கைக்கட்டோடு காவலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தங்கையின் மாமியார் வந்து வாசலில் அழுதுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒரு தடவை பாத்துட்டு மட்டும் வந்துடறேன்க்கா."

காயிலக்கா விட்டாள் ஓர் அறை. ஆறிக்கொண்டிருந்த உதடு மறுபடி கிழிந்தது.

தங்கை அழவில்லை. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரும் இப்படித்தான்க்கா. முதல்ல அறைவாரு. அப்புறம் உன் நல்லதுக்குத்தான்னுவாரு. நீ இன்னும் அதச் சொல்லல. சொல்லிடு."

அதேதான் காயிலக்காவின் வாய் வரை வந்திருந்தது. அப்படியே மூடிக்கொண்டாள்.

தங்கை புருஷனைப் பார்க்கப் போகவில்லை. அக்காவோடும் இருக்கவில்லை. துணி ஆலையில் பேக்கிங் வேலை பிடித்து, பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்குப் போய்விட்டாள். "யாருக்காக அடி வாங்கினேன், யாருக்காகப் போலீஸ் ஸ்டேஷன் ஏறினேன்?" என்று காயிலக்கா சந்து முழுக்கக் கேட்கப் புலம்பினாள். பிறகு புலம்பலும் ஓய்ந்தது. வாரக் கடைசியில் விடுதி வாசலில் போய் நின்றாள். தங்கை கீழே வரவில்லை. அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் தங்கை இறங்கி வந்தாள். வாசல் மரத்தடிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து ஆலையைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் பேசினார்கள். தங்கையின் தலைமுடியில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுக்கக் காயிலக்கா கையைத் தூக்கினாள். சட்டென்று தங்கை கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கை அந்தரத்தில் நின்றது. வைஸில் முகம் மோதியபோதுகூட அவளுக்கு அப்படி வலித்ததில்லை. கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியில நூல் ஒட்டியிருக்கு. எடுக்கட்டுமா?"

தங்கை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா" என்றாள். "நானே எடுத்துக்கறேன்."

எடுத்து ஊதிவிட்டாள். பிறகு, "அடுத்த வாரமும் வருவியா?" என்று கேட்டாள்.