ஏரிக்கரைத் தெருவில் ஒரு ஜெபக்குறிப்பு

“ஜூலை, இரண்டாம் சனி, மாலை ஆறரை. செம்பாக்கம், ஏரிக்கரைத் தெரு. வந்தவர்கள் பதினொரு பேர். ஜெபக்குறிப்பு: ஆசிரியையின் கர்ப்பம், மூன்றாம் மாதம்.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அன்று நடந்ததை நான் மறக்கவில்லை, எழுதத்தான் செய்யவில்லை.

அந்த ஆசிரியை மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துபவர். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியிலும் வகுப்பெடுத்தார். ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. எங்கள் வழக்கப்படி வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டார்: “இந்தத் தடவை நிக்கணும். எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க.”

கூட்டத்தை நடத்திய சபை மூப்பர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஆசிரியைமேல் கோபமாக இருந்தார். முந்தைய மாதம் ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, முதல் உயிர் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாள். “ஆதிக் கடல்ல ரசாயனங்கள் சேர்ந்து வந்திருக்கலாம்மா. அப்படிச் சேர வச்சவரும் ஆண்டவர்தானே” என்றார் ஆசிரியை. மூப்பரின் காதுக்கு முதல் வாக்கியம் மட்டுமே போனது. பக்கத்தில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த நான் இரண்டையும் கேட்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு வசதி உண்டு. முகத்துக்கு நேரே சொல்லக் கூசுவதை ஜெபத்தில் சொல்லிவிடலாம். எல்லாருடைய கண்களும் மூடியிருக்கும். ஆமென் வரும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

மூப்பர் கைகளை உயர்த்தினார். “ஆண்டவரே, உயிர் தண்ணியில தானா உண்டாச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற சிஸ்டருக்காக உம்மகிட்ட வர்றோம். தானா வந்ததுக்கு உம்ம தயவு எதுக்கு, ஐயா? தானா வந்தது தானாவே நிக்கட்டும்!”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு ஆமென் சொன்னோம். என் குரலும் அதில் இருந்தது.

ஆசிரியை கண்ணைத் திறந்தார். “அங்கிள், இப்ப எனக்காக ஜெபிச்சீங்களா, என்னைத் திட்டுனீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

இம்முறை வெளிப்படையாகவே சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா வாழைக்காய் பஜ்ஜித் தட்டை நீட்டினார். “எடுத்துக்கோங்க டீச்சர், ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்ல.” ஆசிரியை ஒன்றை எடுத்து, கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வியாழன் கரு கலைந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது மூப்பர் என்னிடம் சொன்னார்: “பார்த்தீங்களா பிரதர், பதில் வந்துடுச்சு.” ஆசிரியை சொன்ன இரண்டாம் வாக்கியத்தை அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். “ஆமா பிரதர்” என்றேன்.

ஆசிரியை அதன்பின் சபைக்கு வரவில்லை. அந்தச் சனிக்கு முன்பே கருவின் துடிப்பு நின்றிருக்க வேண்டும் என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னதாகக் கேள்வி. அப்படியானால் நாங்கள் ஆமென் சொன்னபோதே அது உயிரோடு இல்லை. துடிப்பு நின்ற தேதியை ஆசிரியையிடமோ அவர் கணவரிடமோ நான் கேட்கவில்லை. இது சரிபார்க்கப்படாத தகவல்.