ஒண்ணுகூட வரலை

பம்மலில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பூங்கா இருக்கிறது. நேற்று மாலை மகளை என் அப்பாவுடன் ஊஞ்சலுக்கு அனுப்பிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்தது. பாதித் தூக்கத்தில் திருநீர்மலைக்கே போய்விட்டேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவுக்கு மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் நைட் ஷிப்ட். ஞாயிறு காலை வீட்டுக்கு வந்ததும், தூங்காமல் எங்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார். சாமி கும்பிட்டபின், மேலே உட்கார்ந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்ப்பதுதான் எங்கள் பிக்னிக். அம்மா புளிசாத டப்பாவைத் திறப்பதற்குள் அப்பா கல்தூணில் சாய்ந்து குறட்டை விடுவார். சட்டையில் கிரீஸ் வாசனை அடிக்கும். எனக்கு ஆத்திரமாக வரும்.

"அப்பாவ எழுப்பும்மா, ப்ளேன் போகுது!"

"தூங்கட்டும் விடுடி. எழுந்து கேட்டா ஒண்ணும் வரலைன்னு சொல்லிடு. பாவம், ஏமாந்துடுவாரு."

எழுந்ததும் கேட்பார். "ப்ளேன் ஏதாவது போச்சா?"

"ஒண்ணுகூட வரலைப்பா."

"அப்ப இனிமேதான் வரும்" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அத்தனை இரைச்சலிலும் அவர் நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

நேற்று கண் விழித்தபோது மகளும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கக் கலக்கத்தில், "ப்ளேன் போச்சாடி?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் தாத்தாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூட வரலைம்மா."

அப்பா வானத்தைப் பார்த்தபடி, "இனிமேதான் வரும்" என்றார்.