முத்திரை பார்க்கும் டோரதி

பேலட் கட்டையைக் குப்புறப் புரட்டிப் போட்டு, கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்து, அதன் விலாவில் சுட்டு வைத்த முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார் டோரதியம்மா. பட்டப்பகல். எதற்கு டார்ச் என்று கேட்டால், "பகல்லதாம்பா ஏமாத்துவானுங்க" என்பார்.

ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் என் கடை. கப்பலில் சரக்குக்கு அடியில் வந்து இறங்கிய இந்தப் பேலட் கட்டைகளை வாங்கிக் கட்டில், மேசை, அலமாரி செய்து விற்கிறேன். ரெண்டு வருஷமாக எனக்குப் புதுசாக ஒரு மரியாதை. ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் பக்கமிருந்து காரில் வருகிறார்கள். மரம் வெட்டாத மேசை வேண்டுமாம். பூமியைக் காப்பாற்றப் போகிறார்களாம். காப்பாற்றி முடிக்கிறவரை வாசலில் கார் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே ஏசி சூடாகிவிடக் கூடாது பாருங்கள். "பழைய கட்டைதானே?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம் என்றால் பேரம்கூடக் கிடையாது. புண்ணியவான்கள்.

டோரதியம்மா அந்த ஜாதி இல்லை. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் இருபத்தாறு வருஷமாக டைப்பிஸ்டு. கல்மண்டபம் பக்கம் ஒரு ரூம், ஒரு கிச்சன், வாடகை வீடு. அந்த ஒரு ரூமுக்குச் சாமான் வாங்க அவர் கேட்கிற கேள்வியை கஸ்டம்ஸ்காரன்கூடக் கேட்க மாட்டான்.

எம்.சி. ரோட்டில் ஜன்னல் திரைக்குத் துணி பார்க்கப் போனார். "எங்க சாயம் போட்டது? சாயத்தண்ணி எங்க போவுது?" என்று விசாரித்திருக்கிறார். கடைக்காரர், "இத மாட்னா ஜன்னலு மறையும்மா. எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்று துணியைச் சுருட்டி மேலே வைத்துவிட்டார். இன்றுவரை அந்த ஜன்னலில் பழைய வாயில் புடவைதான் தொங்குகிறது. கோரைப்பாய் விற்பவர் இவர் தலையைக் கண்டால் தெருவை மாற்றிக்கொள்கிறார். நெய்தவளுக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று நடுரோட்டில் கேட்டால் பாவம் அவர்தான் என்ன செய்வார்.

சுவருக்குப் பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்புதான். துறைமுக லாரிகளின் புகைக்கரி வந்து ஆறே மாசத்தில் அதைக் கறுப்பாக்கும். இவர் மறுபடி வெள்ளையடிப்பார். "ஊரே கரியத் துன்னுகினு கீது, நீ இன்னாம்மா சுண்ணாம்பக் கட்டிகினு அழுவுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊருக்கு நான் இன்னா பண்ண முடியும்? என் வூட்டுக் கதவத் தாண்டி உள்ள வர்றத நான்தானே பாக்கணும்."

என்னிடம் கேட்டது ஒரு கட்டில். அதற்குக் கட்டை பொறுக்க நாலு தடவை வந்தார். கப்பலேறும் மரத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்று சூடுபடுத்துவார்கள், இல்லையென்றால் மூடிவைத்து விஷக்காற்றை விடுவார்கள். சூடு காட்டியதற்கு ஹெச்.டி. என்று முத்திரை, காற்று விட்டதற்கு எம்.பி. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எட்டாவது பெயில். அந்த எழுத்தெல்லாம் கம்பெனிப் பேர் என்றே நினைத்து, முதலில் அவரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் ஹெச்.டி. கட்டையாகப் பொறுக்கிச் சாக்பீஸில் சிலுவைக் குறி போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் தொழிலில் முதல் வேலை முத்திரையை இழைத்துத் தள்ளுவது. கலீஜாகத் தெரியுமே. என் தச்சர் அலி அக்பர் அந்த வேலையைக் குறையில்லாமல் செய்துவைத்தார். சிலுவையும் போயிற்று.

கட்டிலைப் பார்க்க வந்தவர் சுற்றிச் சுற்றி வந்தார். "பாய், முத்திரை எங்க?"

"இழைச்சிட்டேம்மா. தடவிப் பாரு, கன்னம் மாதிரி கீது."

"நான் பொறுக்குன கட்டைதான்னு எப்டித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல" என்றேன்.

"கம்பெனிப் பேருன்னு சொன்னதும் நீதாம்பா."

எனக்கு ரோஷம் வந்தது. "முத்திரைதானே வோணும்? கம்பியக் காச்சி நாலு கால்லயும் குத்தித் தர்றேன், மோளம் அடிச்சுகினு எடுத்துகினு போ" என்றேன். அலி அக்பர் சிரித்தார்.

டோரதியம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "என் வூட்டுக்காரரு பாஸ்கரு இன்னா வேலை பாத்தாரு தெரியுமா? கட்டை மேல தார்ப்பாய் மூடி அந்தக் காத்த உடுற வேலை. பதினோரு வருசம். ஆறு பேருக்கு ஒரு மாஸ்க்கு. அதுக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. இப்ப டம்ளரப் புடிச்சா தண்ணி சிந்துது, ரெண்டடி நடந்தா மூச்சு வாங்குது. தரை ஈரம் ஆவாது, கட்டில்ல படுக்க வையின்னாரு டாக்டரு. அதே கட்டை மேல படுக்க வெக்க சொல்றியா?"

அலி அக்பர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

அந்த வழவழப்பான கட்டிலை அதே வாரம் அடையாற்று அம்மா ஒருவர் வாங்கிப் போனார். தடவிப் பார்த்து, "எவ்வளவு நேர்மையான மரம்" என்றார். நான் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன். முத்திரை எங்கே என்று அவர் கேட்கவில்லையே.

வேறொரு கட்டிலுக்கு மறுபடி கட்டை பொறுக்கி, டோரதியம்மா ரெண்டு நாள் லீவு போட்டார். கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து, கட்டையைப் பிரிப்பதிலிருந்து ஆணி அடிப்பதுவரை கண்ணை எடுக்கவில்லை. முத்திரை இருந்த பக்கம் இழைப்புளி படவில்லை.

"தலமாட்டுல இந்த எழுத்து கண்ண உறுத்தும்மா" என்றார் அலி அக்பர்.

"உறுத்தட்டும்."

மீன்பாடி வண்டியில் ஏற்றி நாங்களே கொண்டுபோய் இறக்கினோம். பாஸ்கர் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலும், ஆனால் வாய் மட்டும் நல்லாயிருந்தது. "இன்னாமே, கட்டில் பூரா அட்ரஸ் போட்டுகீது? என்ன எந்த ஊருக்கு ஏத்துமதி பண்ற?"

சிரித்துக்கொண்டே அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனேன்.

"இரு" என்றார் டோரதியம்மா.

செருப்பை ஓரமாக விட்டார். பாய்கூட விரிக்காத வெறும் பலகையில் குப்புறப் படுத்தார். கன்னத்தை மரத்தோடு அழுத்தி, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்தினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தோம். ஒரு கையை மட்டும் பாஸ்கர் பக்கம் நீட்டித் தடுத்தபடி, இன்னொரு மூச்சு இழுத்தார்.