சீனி கூடிய தேத்தண்ணி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு நேர்சரியில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் நல்லது செய்தால் உடனே பாராட்டுவோம், திரும்பவும் செய்வார்கள். அதையே கணவரிடமும் முயன்றேன். பென்ஷன் எடுத்தபின் அவர் முதன்முதலாகப் போட்டுத் தந்த தேத்தண்ணி பாகுபோல இனித்தது. இருந்தும் சிரித்தபடி, "நல்லா இருக்கு," என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போட்டார். சீனியும் கூடிக்கொண்டே போனது.

என் ரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். இனி அடுப்படிப் பக்கமே வரமாட்டார் என்று பயந்தேன்.

"எனக்கும் உந்தத் தேத்தண்ணிய வாயில வைக்க ஏலாது," என்றார். "நீர் சிரிக்கிறீர் எண்டுதான் போட்டனான்."

நான்தான் அவரைப் பழக்கியதாக நினைத்திருந்தேன். இப்போது சீனி இல்லை. ஆனாலும் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டாலே, தேத்தண்ணி வருமுன்பே நான் சிரித்துவிடுகிறேன்.