பதினேழை விடாதே

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் இது என் நாத்தனாருக்கு நடந்தது. பொய் சொல்லிப் பிழைக்கத் தெரியாதவள் அவள். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிப்பவள்.

ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சர்வர் அறையில் தனியாக இருந்தாள். முந்தைய நாள் மின்சாரம் போய் வந்ததிலிருந்து ஒரு கோளாறு. லினக்ஸ் சர்வர் எழுந்தது. அதைக் காக்கும் ஃபயர்வால் எழவில்லை. நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் அந்த சர்வரில்தான். கதவில்லாத வீடு மாதிரித் திறந்து கிடந்தது.

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. சர்வர் எழும்போது ஓடும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், நெட்வொர்க் வருவதற்கு முன்பே ஃபயர்வாலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வரிசையை மாற்றினாள். 2:05க்கு சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். ஃபயர்வாலும் எழுந்தது.

ஆனால் ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடியிருந்தது. பதினேழாம் எண் கணினியை உள்ளே விடச் சொல்லும் வரி. அவள் எழுதியதல்ல. அழித்தாள். மறுபடி எழுப்பினாள்.

வரி திரும்ப வந்திருந்தது. ஸ்கிரிப்ட் கடைசியாக மாற்றப்பட்ட நேரம் 2:31 என்று காட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 2:19. சர்வரின் கடிகாரத்திலும் 2:19.

அண்ணனுக்கு, அதாவது என் கணவருக்கு, போன் செய்தாள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

"நான் எழுதாத வரி என் மெஷின்ல இருக்கக் கூடாதுண்ணா." வைத்துவிட்டாள்.

வெளியிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

திரையில் பதிவுகள் ஓடின.

பதினேழு... உள்ளே வர முயற்சி.

பதினேழு... உள்ளே வர முயற்சி.

கேபிள் அவள் கையில் இருந்தது.

டக்... டக்... டக்... பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். பூட்டிய அறை. சாவி அவள் பையில்.

ஸ்கிரிப்டின் முதல் வரியாக அடித்தாள்: பதினேழை விடாதே.

"நீ யாரா வேணா இரு. என்னைக் கேக்காம இங்க யாரும் வர முடியாது."

2:31.

தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது...

அவள் எழவில்லை. திரையை முறைத்தபடியே இருந்தாள்.

2:58.

நின்றது.

மறுநாள் விசாரித்தாள். பதினேழு, அங்கே வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் கணினி. அதே மருத்துவமனையில் அவர் இறந்து எட்டு மாதம். கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு மாதம். ஃபயர்வால் இல்லாமல் கிடந்த நேரத்தில் பதினேழிலிருந்து ஒரே ஒரு கோப்பு திறக்கப்பட்டிருந்தது. அவருடையது. 'இறந்தார்' என்பது அழிக்கப்பட்டு, 'சிகிச்சையில் இருக்கிறார், ஆறாம் கட்டில்' என்று மாறியிருந்தது.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. 'இறந்தார்' என்று தானே அடித்துச் சேமித்தாள்.

அதற்குப் பிறகுதான் வார்டு நர்ஸ் சொன்னாள். ஞாயிறு மதியம் இரண்டரையிலிருந்து மூன்று மணி வரை ஆறாம் கட்டிலின் அழைப்பு மணி விடாமல் அடித்ததாம்.

"போய்ப் பாத்தேன். யாரும் இல்ல. மெத்தை மட்டும் சூடா இருந்துச்சு."